தாய் எங்கே?

நுழையும்முன்

மனிதன் முதன்முதலில் பழக்கிய விலங்கு நாய். வேட்டைக்கும் காவலுக்கும் துணைநின்ற அவ்வுயிர் இன்று விலைப்பொருளாகவும் மாறியிருக்கிறது. விற்பனைக்கு வரும் குட்டியைக் கண்டு மகிழ்வோர் பலர். அதனை ஈன்ற தாயைக் கண்டோர் மிகச் சிலர். அந்தத் தாயின் நிலையையும், அது மாற எளிய மக்கள் செய்யக்கூடியவற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெயர் பெற்ற உயிர்

விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண்பால், பெண்பால் பெயர்களையும் வகுத்துரைப்பது தொல்காப்பிய மரபியல். அதன்படி நாயின் குட்டிக்குக் ‘குருளை’ என்பது பெயர். பெண் நாய்க்குப் ‘பிணவு’ என்பது பெயர். சங்க இலக்கியத்தில் நாய் ‘ஞமலி’ என்றும் ‘ஞாளி’ என்றும் வரும். இவை பொதுப்பெயர்கள். தனிப்பெயர் பெற்ற நாயும் தமிழகத்தில் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எடுக்கப்பெற்ற நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. பூசலில் பட்ட வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்லெழுத்து பதிவு செய்திருக்கிறது. மனிதருக்கே பெயர் பொறித்த கல் அரிதாக இருந்த காலம் அது.

வணிக நோக்கில் நாய் பெருக்கும் இடங்கள் பலவற்றில் தாய் நாய்க்குப் பெயர் இருப்பதில்லை. கூண்டின் எண்ணோ இனத்தின் பெயரோ போதுமானதாக இருக்கிறது. அழைக்க வேண்டிய தேவை எழுந்தால்தானே பெயர் வேண்டும்!

கூண்டின் கணக்கு

நாய்களை இனப்பெருக்கம் செய்வோர் அனைவரும் கொடியவர் அல்லர். ஓரிரு நாய்களை வீட்டிலேயே வைத்துப் பேணி, அவற்றின் உடல்நலம் பார்த்து, குட்டியை யாரிடம் கொடுக்கிறோம் என்று விசாரித்துக் கொடுப்போரும் இருக்கின்றனர். இங்குப் பேசப்படுவது வேறொரு முறை. இடம், உணவு, மருத்துவம் மூன்றையும் இயன்றவரை குறைத்து, குட்டிகளின் எண்ணிக்கையை இயன்றவரை கூட்டுவதே அதன் வழி.

பெட்டை நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவத்திற்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். வரும் பருவத்திலெல்லாம் இணை சேர்த்தால், ஓராண்டில் நான்கு மாதம் சினையிலும் மூன்று மாதம் பாலூட்டலிலும் கழியும். உடல் தேற எஞ்சுவது ஐந்து மாதம்; அதுவும் இரு துண்டுகளாக. ஓர் ஈற்றுக்கு ஐந்து குட்டிகள் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குப் பத்து, ஐந்தாண்டுக்கு ஐம்பது என்று கணக்கு ஏறும். விற்பவர் ஏட்டில் அது வரவு. தாயின் உடலில் அது வேறு வகையாகப் பதிவாகிறது. பால் சுரக்கும் காலத்தில் சுண்ணச்சத்து குறைந்து வலிப்பு வருகிறது. கருப்பையில் சீழ் கட்டுகிறது. மடியில் கட்டிகள் தோன்றுகின்றன. கம்பிவலைத் தரையிலேயே நின்று பாதங்கள் புண்ணாகின்றன. ஈனும் ஆற்றல் குறைந்ததும் தீனிச் செலவு வீண் என்று கருதப்பட்டு, இரவோடு இரவாக ஏதேனும் ஒரு சாலையோரத்தில் அது இறக்கிவிடப்படுகிறது.

குட்டிகளின் நிலையும் நன்றாக இல்லை. சிறிதாக இருக்கும்போதே குட்டிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதால், முப்பது நாள்கூட நிரம்பாமல் தாயிடமிருந்து பிரிக்கின்றனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை நாய்க்குட்டி உலகைக் கற்கும் காலம். எந்த அளவுக்குக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமுமே அது கற்றுக்கொள்கிறது. அந்தப் பள்ளிக்குப் போகாத குட்டி, பின்னாளில் அஞ்சிக் கடிப்பதாகவோ ஓயாமல் குரைப்பதாகவோ வளர்ந்தால், பழி நாயின்மேல் விழுகிறது.

நோய் இன்னொரு செய்தி. ‘பார்வோ’ என்னும் தீநுண்மி 1978ஆம் ஆண்டு வாக்கில் உலகெங்கும் பரவியது. குருதி கலந்த கழிச்சலை உண்டாக்கிக் குட்டிகளைச் சில நாள்களில் கொல்லக்கூடியது. துப்புரவற்ற கொட்டிலின் தரையில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். தொற்றியபின் அறிகுறி வெளிப்பட ஏறத்தாழ மூன்று முதல் ஏழு நாள் ஆகும். விற்கும்போது துள்ளி விளையாடிய குட்டி, வாங்கிய வீட்டில் ஐந்தாம் நாள் உணவை மறுத்துச் சுருண்டு படுப்பதன் காரணம் பல நேரங்களில் இதுவே. அப்போது விற்றவரின் தொலைபேசி எடுக்கப்படுவதில்லை.

மக்களின் விருப்பமும் இத்துன்பத்தை வளர்க்கிறது. 2003ஆம் ஆண்டு, அலைபேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் சிறுவனைப் பின்தொடர்ந்து ஒரு பக் நாய் ஓடியது. அதன்பின் இந்திய நகரங்களில் அவ்வினக் குட்டிகளுக்குக் கிராக்கி பெருகியது. நாயின் உடல் மனித உடல்போல் வியர்த்துத் தணிவதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றும். தட்டை மூக்குடைய பக் நாய்க்கு அந்த வழியே குறுகியது. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடக்கும் ஊர்களுள் ஒன்றாகத் திருத்தணி அடிக்கடி செய்தியில் இடம்பெறும். அத்தகைய மாவட்டத்தில் பக் நாயையும், பனிநிலத்துக்கு உரிய சைபீரிய ஹஸ்கி நாயையும் தகரக் கூரைக்கடியில் அடைத்துப் பெருக்குவது எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஊரின் ஓரத்தில்

சென்னையின் வடக்கையும் மேற்கையும் அணைத்துக் கிடப்பது திருவள்ளூர் மாவட்டம். 1997ஆம் ஆண்டு தனி மாவட்டமான இதன் வட எல்லையில், ஆந்திர மாநிலத்தை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை அதன் வழியே செல்கிறது. புறநகர் ரயில் வருகிறது. சிப்காட் வளாகத்தின் ஆலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன.

இத்தகைய தொழிற்பகுதிகளில் நாயின் தேவை இரு வகையில் எழுகிறது. ஆலைக்கும் கிடங்குக்கும் காவல் நாய் வேண்டும். ‘பார்த்தாலே அச்சம் வர வேண்டும்’ என்று பெரிய வெளிநாட்டு இனத்தைத் தேடுவோர் உண்டு. கிடங்கு பூட்டப்படும் நாளில் அந்நாய் யாருடையது என்ற கேள்விக்கு விடையிராது. மற்றொன்று, புதிதாகச் சம்பளம் வாங்கத் தொடங்கிய குடும்பங்களின் ஆசை. மாநகரில் கிடைக்காத இடம் மாநகரின் ஓரத்தில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். உயர்ந்த சுற்றுச்சுவரும் இயந்திர ஓசையும் குரைப்பொலியை மறைக்கும். மாநில எல்லையைக் கடந்துவிட்டால் அதிகாரிகளும் மாறிவிடுவர். கொட்டகையில் நடக்கும் கொடுமை வெளியே தெரியாமல் போவதற்கு இவை போதும். கும்மிடிப்பூண்டிக்கு மட்டும் இது பொருந்துவதன்று. பெருநகரங்களின் விளிம்புகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

இத்தொழிலில் இறங்குவோர் எல்லாரும் பெருமுதலாளிகள் எனக் கொள்ளலாகாது. ஒப்பந்த வேலையில் வரும் ஊதியம் போதாமல், மொட்டை மாடியில் இரண்டு பெட்டை நாய்களைக் கட்டி, ‘ஆண்டுக்கு இரண்டு ஈற்று எடுத்தால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆயிற்று’ என்று எண்ணும் குடும்பத்தலைவரும் இந்த வணிகத்தின் ஒரு கண்ணியே. அவரிடம் கொடிய மனம் இருக்க வேண்டியதில்லை. கால்நடை மருத்துவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயும் தன் வரவில் குறைவதைக் காண்கிறார்; சினையுற்ற நாயை மருத்துவரிடம் கொண்டுசெல்வதை ஒரு வாரம் தள்ளிப்போடுகிறார். கொடுமை இப்படியும் தொடங்கும். அவரைத் திட்டுவதைவிட, அந்த வரவுசெலவுக் கணக்கு உண்மையில் நிற்குமா என்று உட்கார்ந்து பேசுவது பயன் தரும். முறையான தடுப்பூசி, சத்துணவு, பேறுகால மருத்துவம் ஆகியவற்றைச் சேர்த்தால் இலாபம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

சட்டமும் அதன் இடைவெளியும்

விலங்குகளின் துன்பத்தைச் சட்டத்தின்முன் நிறுத்தியதில் சென்னைக்குத் தனிப் பங்குண்டு. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களின் தொடக்கத்தில் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதனைத் திரும்பப் பெற்றார். 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் பல்லாண்டுகள் சென்னையில் இயங்கியது.

ஆயினும் அச்சட்டம் விதிக்கும் தண்டனை மிகச் சிறியது. வதைக் குற்றத்தை முதன்முறை செய்தவருக்கு 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மிகாமலும் அபராதம். ஆயிரக்கணக்கில் விலைபோகும் குட்டியின் பக்கத்தில் இத்தொகையை வைத்துப் பார்த்தால், சட்டம் ஏன் அச்சுறுத்துவதில்லை என்பது விளங்கும்.

2016 ஏப்ரலில், வணிக இனப்பெருக்கத்திற்காக நாய்களை இறக்குமதி செய்வதை நடுவண் அரசு தடுத்தது. அடுத்த ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் வந்தன.

தெரிந்து தெளிவோம்

2017ஆம் ஆண்டு விதிகளின்படி, நாய் இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் நிரம்பாத நாயை இணை சேர்த்தல் கூடாது. ஒரு பெட்டை நாய் ஆண்டுக்கு ஒரு முறைக்குமேல் ஈனக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்குமேல் எடுக்கக் கூடாது. எட்டு வயதைக் கடந்ததைப் பயன்படுத்தக் கூடாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றல் குற்றம்.

மேலே கண்ட ஐம்பது குட்டிகளின் கணக்கை இவ்விதிகளோடு ஒப்பிட்டால், சட்டப்படி அது பாதியாகக் குறைவதைக் காணலாம். எழுதப்பட்ட விதி கூண்டு வரை செல்ல வேண்டும் என்பதே சிக்கல்.

அரசு நடத்தினாலும் விதி ஒன்றே என்பதற்குச் சைதாப்பேட்டை எடுத்துக்காட்டு. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய நாட்டு இனங்களைக் காக்கும் நன்னோக்கில் அங்கே அரசின் நாய் இனப்பெருக்க நிலையம் செயல்பட்டு வந்தது. அங்கு நாய்கள் பேணப்பட்ட முறை ஆய்வில் குறைகாணப்பட்டது. விலங்கு நல ஆர்வலர்கள் நீதிமன்றம் சென்றனர். 2016இல் நிலையத்தை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நாட்டு இனங்கள் இனி என்னாகும் என்ற கவலையை அம்முடிவு எழுப்பியது. அது நியாயமான கவலையே. ஆனால் ஓர் இனத்தைக் காப்பதற்காக அவ்வினத்தின் ஒரு தாயை வருத்தலாம் என்பது அதற்கு விடையாகாது.

தமிழ்நாடு அரசு 2024இல் நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பக், சைபீரிய ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட 11 வெளிநாட்டு இனங்கள் இந்நாட்டு வெப்பத்தில் துன்புறும் என்பதால், அவற்றின் இனப்பெருக்கத்தை அது விலக்கியது. வளர்ப்போர் சங்கத்தினர் அதனை எதிர்த்து நீதிமன்றத்தை நாடினர்.

லூசி என்றொரு நாய்

சட்டத்தைத் தாயின் பக்கம் திருப்பிய கதை ஒன்று இங்கிலாந்தில் நிகழ்ந்தது. வேல்ஸ் பகுதியின் குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து 2013இல் மீட்கப்பட்ட பெட்டை நாய்க்கு, அதனைத் தத்தெடுத்த பெண் லூசி என்று பெயரிட்டார். ஓயாமல் ஈன்றும் குறுகிய கூண்டில் அடைபட்டும் அதன் முதுகெலும்பு வளைந்திருந்தது, உடலில் மயிர் உதிர்ந்திருந்தது, வலிப்பும் இருந்தது. 2016 இறுதியில் அது இறந்தது. கால்நடை மருத்துவர் மார்க் ஆபிரகாமும் பொதுமக்களும் அதன் பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினர். நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய மனுவில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 2020 ஏப்ரல் 6 முதல் ‘லூசி சட்டம்’ நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியைக் கடைக்காரரோ தரகரோ விற்க முடியாது. வளர்த்தவரிடம் நேரே சென்று, குட்டியைப் பிறந்த இடத்தில் தாயோடு கண்டே வாங்க வேண்டும். இல்லையேல் காப்பகத்திலிருந்து தத்தெடுக்க வேண்டும்.

சட்டம் வந்த அதே ஆண்டு கொரோனா ஊரடங்கும் வந்தது. வீட்டிலிருந்த மக்கள் குட்டிகளைத் தேட, விலை ஏறியது. கள்ளத்தனமான வரவும் பெருகியது. வாங்குவோரின் அவசரம் தணியாதவரை விற்போர் சட்டத்தைச் சுற்றிச் செல்லும் வழியைக் காண்பர் என்பதை அந்நாடு உடனே கண்டுகொண்டது. எனினும் அச்சட்டத்தின் உள்ளீடு மிக எளியது: தாயைக் காட்டு என்பதே. அக்கேள்வியைக் கேட்கத் திருவள்ளூரில் புதிய சட்டம் வர வேண்டியதில்லை.

கேள்வி கேட்கும் வாங்குவோர்

குட்டி வாங்க விரும்பும் ஒருவர், ‘இதன் தாய் எங்கே? நான் வந்து பார்க்கலாமா?’ என்று கேட்கட்டும். நேர்மையாக வளர்ப்பவர் மகிழ்ந்து அழைப்பார். ‘தாய் ஊரில் இருக்கிறது’, ‘நீங்கள் அலைய வேண்டாம், பேருந்து நிலையத்திலேயே கொடுத்துவிடுகிறோம்’ என்ற விடை வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. வாரியத்தின் பதிவுச் சான்றிதழையும் காட்டச் சொல்ல வேண்டும். கென்னல் கிளப் வழங்கும் மரபுச் சான்று வேறு, இது வேறு. மரபுச் சான்று குட்டியின் முன்னோர் யாவர் என்று கூறும்; தாய் எவ்வாறு வைக்கப்பட்டிருந்தது என்பதைக் கூறாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிப் பலர் ஏமாறுகின்றனர்.

மிகக் கடினமான நேரம் ஒன்று உண்டு. பார்க்கச் சென்ற இடத்தில் குட்டி மெலிந்து, கண்ணில் பீளை வழிய நடுங்கிக்கொண்டிருக்கிறது. ‘இதை இங்கேயா விட்டுவிட்டுப் போவது? பணம் போனாலும் போகட்டும்’ என்று மனம் இளகும். உயர்ந்த உணர்வுதான். ஆனால் விற்பவருக்கு அந்தப் பணத்தில் இரக்கத்தின் மணம் இல்லை. நோயுற்ற குட்டியும் விலைபோகும் என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. காலியான கூண்டை நிரப்ப அதே தாய் அடுத்த பருவத்தில் மீண்டும் இணை சேர்க்கப்படும். ஒரு குட்டியைக் காத்த கை, அறியாமலே அடுத்த ஐந்துக்கு முன்பணம் கொடுத்திருக்கும். ஆகவே பணம் கொடாமல் திரும்பி, அன்றே முறையிடுவதே அக்குட்டிக்கும் தாய்க்கும் செய்யும் உதவி. முறையீட்டுக்குப் பலன் கிடைக்கும் முன் அந்தக் குட்டி இறந்துபோகவும் கூடும். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வழி எளிதானது என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

முறையீடு பயன்பட வேண்டுமானால் அது நன்றாக எழுதப்பட வேண்டும். மொழிப்பாடத்தில் பயின்ற கடிதம் எழுதும் திறன் இங்கே கைகொடுக்கும். இடம், நாள், நேரம், கண்ட விலங்குகளின் எண்ணிக்கை, நீரும் நிழலும் இருந்தனவா, தாய்களின் உடல்நிலை எவ்வாறிருந்தது என்பனவற்றைக் கண்டது கண்டவாறு எழுத வேண்டும். பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டது என்றே குறிக்க வேண்டும். ‘கொடூரம்’, ‘அக்கிரமம்’ போன்ற சொற்கள் மனுவின் வலிமையைக் கூட்டுவதில்லை, ‘மூன்றடிக் கூண்டில் நான்கு பெட்டை நாய்கள், நீர்க்கலம் உலர்ந்திருந்தது’ என்ற தொடர் கூட்டும். சுவரேறிக் குதித்துப் படமெடுத்தல் ஆகாது. சமூக ஊடகத்தில் முதலில் பரப்புவதும் தீங்கு தரும். அதிகாரிகள் வருமுன் கூண்டுகள் இடம்மாறிவிடும்.

மனுவை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்திற்கும், கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்திற்கும், தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்திற்கும் அனுப்பலாம். திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் அளித்து ஒப்புகைச் சீட்டுப் பெறலாம். இன்னுமொரு கருவி, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ‘எங்கள் மாவட்டத்தில் பதிவு பெற்ற நாய் இனப்பெருக்கம் செய்வோர் எத்தனை பேர்? அவ்விடங்கள் கடைசியாக ஆய்வு செய்யப்பட்ட நாள் யாது?’ என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் எவரும் கேட்கலாம். கேள்வி வந்தபின் கோப்பைத் திறந்து பார்க்கும் வழக்கம் அலுவலகங்களில் உண்டு.

வாங்காமல் வளர்க்கும் வழியும் திறந்தே இருக்கிறது. கேப்டன் சுந்தரம் 1959இல் தொடங்கிய சென்னை நீலச் சிலுவைச் சங்கம் (புளூ கிராஸ்) போன்ற காப்பகங்களில் வீடு தேடும் நாய்கள் எப்போதும் உள்ளன. அதற்கும் முன்னே, ஆலை வாயிலில் தேநீர்க் கடையை ஒட்டிப் படுத்திருக்கும் நாட்டு நாயின் குட்டியை எடுத்து வளர்க்கலாம். இம்மண்ணின் வெப்பத்துக்குப் பழகிய உடல் அது. கிடங்கைக் காக்கவும் போதும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், மருத்துவர் கூறும் பருவத்தில் கருத்தடையும் செய்துவிட வேண்டும்.

ஈன்று ஓய்ந்த தாய் நாய்களைத் தத்தெடுக்க முன்வருவோர் குறைவு. அழகு போயிருக்கும், வயது ஏறியிருக்கும். கூண்டிலேயே வாழ்ந்த அந்நாய்க்குப் படி ஏறத் தெரியாது. மண்ணில் கால் வைக்கவே தயங்கும். அறையின் மூலையைத் தேடி முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்ளும். கை நீண்டால் ஒடுங்கும். உணவுக் கலத்தை வைத்துவிட்டுச் சற்று விலகி அமர்ந்திருந்தால், சில வாரங்கள் கழித்து ஆள் இருக்கும்போதே உண்ணத் தொடங்கும். வாலசைக்க மாதங்கள் ஆகலாம். அதுவரை அதனைக் குளிப்பாட்டவோ, விருந்தினர்முன் அழைத்துவரவோ அவசரப்படக் கூடாது.